வெண்ணி என்று பெயர் வைத்தோம்!

குழந்தைக்குப் பெயர் வைப்பது வீட்டுக் காரியம்; அதை ஏட்டிலே எழுதி நாட்டுக்குச் சொல்வானேன் என்று கேட்பவர்கள் உண்டு. விலைவாசி பற்றி எழுதுங்கள், வேலை நிறுத்தம் பற்றி எழுதுங்கள், தேர்தல் பற்றி எழுதுங்கள், தொட்டிலைப் பற்றியுமா எழுதவேண்டும் என்கிறார்கள்.

எழுதத்தான் வேண்டும், தோழர்களே! வீட்டுக் காரியம் என்று நாம் ஒதுக்கி வைத்த இடங்களில்தான் பழமை பாய் விரித்துப் படுத்திருக்கிறது. மேடையேறி மணிக்கணக்கில் பெண்ணுரிமை பேசிவிட்டு, வீடு திரும்பியதும் செருப்போடு சேர்த்துக் கொள்கையையும் வாசலிலே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறவர்கள் நம்மிலே இல்லையா? ஊராருக்குப் பகுத்தறிவு, வீட்டாருக்குப் பஞ்சாங்கம் என்று கணக்கைப் பிரித்து வைத்துக் கொண்டவர்கள் இல்லையா? கொடிக்கம்பத்தின் கீழே நிற்கும்போது இருக்கிற துணிவு, தொட்டிலின் அருகே நிற்கும்போதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

அந்தச் சோதனை நமக்கும் வந்தது. நமக்கு மகள் பிறந்தாள். அவளுக்கு 'வெண்ணி' என்று பெயர் வைக்க விரும்பினோம். விரும்பியதை வீட்டாரிடம் சொன்னோம். சொன்ன மாத்திரத்தில் வீடே பொதுக்குழுவாகிவிட்டது! தலைவர் இல்லை, நிகழ்ச்சி நிரல் இல்லை. கண்டனத் தீர்மானம் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

முதல் தீர்மானம் நம் தாயாருடையது. "என்னப்பா பேரு இது? வெண்ணியா? 'வெந்நீர் போடு'ன்னு சொல்ற மாதிரி இருக்கு. எங்கம்மா பேரை அப்படியே வைக்கச் சொல்லலை. அந்த முதல் எழுத்தையாவது வச்சா, அவளையும் ஒருத்தி நினைப்பா இல்லையா?"

இரண்டாவது, மாமியார். அவர் குரலில் கோபம் இல்லை, அச்சம் இருந்தது. "மாப்பிள்ளை, குறுக்கே பேசுறேன்னு நினைக்காதீங்க. புள்ளை பொறந்திருக்கிறது ஆயில்யம். மாமியாருக்கு ஆகாதும்பாங்க. போற இடத்துல என்ன பேச்சு வருமோ! நட்சத்திரத்துக்கு உண்டான எழுத்துல பேரு வச்சுட்டா கொஞ்சம் தோஷம் குறையும்னு ஜோசியர் சொல்றார்."

மூன்றாவது, மைத்துனர். இளைஞர்; கையிலே கைப்பேசி. "மாமா, ஸ்கூல்ல பசங்க 'வெண்ணெய் வெண்ணெய்'னு ஓட்டுவாங்க. இங்கிலீஷ்ல எழுதினா 'வென்னி'ன்னு படிப்பான். இப்பல்லாம் யாரு இப்படி வைக்கிறா? ஒரு ஷ, ஒரு ஜ, ஒரு ஸ்ரீ வர்ற மாதிரி ஸ்டைலா ஆயிரம் பேரு இருக்கு. நான் தேடித் தரட்டுமா?"

நான்காவது, உறவிலே மூத்தவர் ஒருவர். "நாளைக்கு வரன் பார்க்க வர்றவன் என்ன பேருன்னு கேப்பான். இதைச் சொன்னா என்ன அர்த்தம்னு கேப்பான். பொண்ணு பேரு சாதுவா இருக்கணும்ப்பா."

இந்த நால்வரையும் பழமைவாதிகள், பாமரர்கள் என்று ஏசிவிட்டு எழுந்து போவது எளிது. நாம் அப்படிச் செய்யவில்லை, செய்யவும் கூடாது. அவர்கள் நான்கு பேரும் அந்தக் குழந்தைமீது கொண்ட அன்பினால்தான் பேசினார்கள். அன்பு பேசும்போது அச்சம் அதன் தோளிலே ஏறி உட்கார்ந்து கொள்கிறது. நம் வேலை அன்பை விரட்டுவதல்ல, அச்சத்தை இறக்கிவிடுவது.

முதலில், வெண்ணி யார் என்று அவர்களுக்குச் சொன்னோம், உங்களுக்கும் சொல்கிறோம்.

தஞ்சையிலிருந்து நீடாமங்கலம் போகும் வழியிலே கோயில்வெண்ணி என்றோர் ஊர் இருக்கிறது. இன்றைக்குத் திருவாரூர் மாவட்டத்திலே அமைதியாகக் கிடக்கும் சிற்றூர். சங்க காலத்திலே அதற்கு வெண்ணி என்று பெயர். அங்கேதான் சோழன் கரிகாலன் பெரும்போர் ஒன்றிலே வென்றான். எதிர்த்து நின்ற சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்றான். மார்பிலே பாய்ந்த வேல் முதுகையும் புண்ணாக்கியது. முதுகிலே புண்பட்டவன் என்ற பழிச்சொல்லைத் தாங்கி வாழ மனமின்றி, சேரன் வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

வெற்றி கரிகாலனுக்கு. வெற்றி பெற்ற வேந்தனைச் சுற்றிப் புகழ்ச்சிக்குப் பஞ்சமிருந்திருக்குமா? அந்த நேரத்திலே, வெண்ணியிலே மண் பிசைந்து சட்டி பானை வனையும் குலத்துப் பெண் ஒருத்தி பாடினாள். வென்றவனை நோக்கியே பாடினாள். உன் முன்னோர் கடலிலே காற்றின் போக்கறிந்து கலம் செலுத்தியவர்கள், உண்மை. நீ போரிலே வென்றாய், அதுவும் உண்மை. ஆனால் முதுகுப் புண்ணுக்கு நாணி வடக்கிருந்து மாண்டானே, அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டாள்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அரண்மனையிலே அரிசி வாங்கித் தின்னும் அவைப் புலவர் கேட்கவில்லை. பட்டம் பெற்ற பண்டிதர் கேட்கவில்லை. களிமண் படிந்த கையோடு நின்ற உழைப்பாளிப் பெண் கேட்டாள். யாரிடம் கேட்டாள்? தோற்றுப் போனவனிடம் அல்ல. தோற்றவனைத் திட்டுவது யாருக்கும் எளிது. வெற்றி வெறி அடங்காத வேந்தனிடம் கேட்டாள். அந்தப் பாடல் புறநானூற்றிலே 66ஆம் பாட்டாக இருக்கிறது. ஏட்டுச் சுவடியிலே கிடந்த புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு அச்சேற்றினார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த குரல் இன்றும் நம் காதிலே விழுகிறது.

ஆனால் அவள் பெயர் என்ன? பாட்டைத் தொகுத்தவர்கள் குறித்து வைத்தது 'வெண்ணிக்குயத்தியார்' என்று. வெண்ணி, ஊர்ப்பெயர். குயத்தி, தொழிற்பெயர். ஆர், மரியாதைக்குச் சேர்த்த விகுதி. பெற்ற தாய் அவளுக்கு இட்ட பெயர் எங்கே? இல்லை! வேந்தனின் பெயர் இருக்கிறது. தோற்ற சேரனின் பெயரும் இருக்கிறது. போர் நடந்த ஊரின் பெயர் இருக்கிறது. அவள் செய்த தொழிலின் பெயர்கூட இருக்கிறது. அவள் பெயர் மட்டும் இல்லை. ஆண் புலவர்களிலும் பெயர் தொலைந்தவர்கள் உண்டு. பாட்டிலே வந்த தொடரையே பெயராகப் பெற்ற செம்புலப்பெயல்நீரார் போன்றவர்கள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெயரைத் தொலைப்பது ஆணுக்கு எப்போதோ நேரும் இழப்பு; பெண்ணுக்கோ அன்றாட நடைமுறை. இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றே அழைக்கப்பட்டு, சொந்தப் பெயர் சொல்லி அழைக்க ஆளின்றி ஆயுளை முடித்த பெண்கள் எத்தனை பேர் நம் தெருவிலேயே! நம் வீட்டிலேயே!

அதனால்தான் வெண்ணி. குயத்தி என்பதை விட்டு, வெண்ணியை எடுத்துக் கொண்டோம். மண் வனையும் தொழில் மாண்புடையது. அந்தத் தொழிலைப் பிறப்போடு பிணைத்துப் பெயரோடு ஒட்டிய சாதிதான் மாண்பற்றது. 1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக் கொள்வதை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அந்த வழி வந்தவர்கள் சாதியைக் கழித்து, ஊரையும் உண்மையையும் எடுத்துக் கொள்வதுதானே முறை?

இதைக் கேட்டதும் வீடு சற்று அமைதியானது. ஆனால் கேள்விகள் கேள்விகளாகவே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னோம்.

தாயாருக்குச் சொன்னது: பாட்டியின் பெயர் அந்தக் காலத்துக் குப்பைப் பெயர்களில் ஒன்று. குப்பன், குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள் என்ற பெயர்களைக் கேட்டு இன்றைய இளைஞர் சிரிக்கிறார்கள். சிரிக்கக் கூடாது! அந்தப் பெயர்களுக்குப் பின்னால் தாய்மாரின் கண்ணீர் இருக்கிறது. முன்னே பிறந்தது மாண்டது, அதற்கு முன்னே பிறந்ததும் மாண்டது. அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டிலே கிடத்தி எடுத்து, இது எமனுக்கும் வேண்டாத பண்டம் என்று பாவனை செய்து, குப்பை என்று பெயரிட்டுக் காப்பாற்றப் பார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதலாண்டு நிறைவதற்குள் மாண்டது. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு 13. இந்த மாறுதலைச் செய்தது குப்பை என்ற பெயரா? இல்லை. தடுப்பூசி செய்தது, செவிலியர் செய்தார், ஆரம்ப சுகாதார நிலையம் செய்தது, படித்த தாய் செய்தாள். பாட்டியை நாம் மறக்கவில்லை. அவள் பெயரின் கதையை வெண்ணிக்குச் சொல்வோம். எழுத்தை மட்டும் கடன் வாங்கி வைத்துவிட்டுக் கதையை மறப்பதைவிட அது பெரிய மரியாதை அல்லவா?

தாயார் ஒன்றும் சொல்லவில்லை. தம் தாய்க்கு முன்னே பிறந்து மறைந்த குழந்தைகள் எத்தனை என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

குப்பை என்று பெயரிட்டது உயிரைக் காக்க. ஆனால் வேறொரு வகைப் பெயரும் உண்டு. பிறந்தது மறுபடியும் பெண்ணா என்று சலித்து, 'வேண்டாம்' என்றும் 'போதும்பொண்ணு' என்றும் வைத்த பெயர்கள்! அடுத்தாவது ஆண் பிறக்கட்டும் என்று, பிறந்தவளின் நெற்றியிலே ஒட்டிய அறிவிப்பு அது. நம் நாட்டில் மட்டுமா? மராட்டிய மாநிலத்திலே 'நகுசா' என்று வைத்தார்கள். வேண்டாதவள் என்று பொருள். 2011ஆம் ஆண்டு அங்கே சாத்தாரா மாவட்டத்தில் அப்படிப் பெயர் சுமந்த 285 பெண்களுக்கு விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டினார்கள். அந்த 285 பேரும் ஒவ்வொரு நாளும் பள்ளியில் வருகைப் பதிவின்போது, 'வேண்டாதவள்' என்று கூப்பிட, 'உள்ளேன்' என்று எழுந்து நின்றிருப்பார்கள்! பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பெரியவர்கள் அவர்களிடம் போய்க் கேட்கட்டும்.

மாமியாருக்குச் சொன்னது: நட்சத்திரத்துக்கு எழுத்து என்கிறார்கள். 27 நட்சத்திரம், ஒன்றுக்கு நான்கு பாதம், ஆக 108 எழுத்து. ஆயில்யத்துக்கு அவர்கள் கொடுக்கும் எழுத்து என்ன? டி, டு, டே, டோ! தமிழிலே டகரத்தில் தொடங்கும் சொல் ஒன்று சொல்லுங்கள், பார்ப்போம். கிடையாது! டகரம் மொழிக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் என்றைக்கோ சொல்லிவிட்டது. ஆகவே ஆயில்யத்தில் பிறந்த தமிழ்க் குழந்தை, இந்தக் கணக்கின்படி, தமிழ்ப் பெயர் வைத்துக்கொள்ளவே முடியாது! நம் மொழியை எண்ணியே பார்க்காமல் எழுதிய பட்டியலுக்கு, நம் பிள்ளையின் நன்மை எப்படித் தெரியும்?

இன்னொன்றும் சொன்னோம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்கிறார்கள். அதே ஆயில்யத்தில் பிறந்த பையனைப் பார்த்து, இவன் மாமனாருக்கு ஆகமாட்டான் என்று எந்தப் பெண் வீட்டார் எழுந்து போனார்கள்? வயதான மாமியார் நோயில் படுத்தால் மருமகளின் நட்சத்திரம். மருமகன் கடனில் மூழ்கினால் அவன் கெட்ட காலம். குற்றம் சுமத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெண்ணாக இருக்க வேண்டும். இதுதானே கணக்கு? எழுத்தை மாற்றி இந்தப் பழியிலிருந்து தப்ப முடியாது, அம்மா! பழி சொல்வோரிடம் 'அது பொய்' என்று சொல்லத் தெரிந்த பெண்ணாக வளர்த்தால்தான் தப்பலாம்.

'பொண்ணு பேரு சாதுவா இருக்கணும்' என்ற பெரியவருக்குச் சொன்னது: இது உங்கள் சொந்தக் கருத்து என்று எண்ணுகிறீர்கள், இல்லை. மனுநூல் இரண்டாம் அத்தியாயத்திலே இருக்கிறது. பார்ப்பனன் பெயர் மங்கலம் குறிக்க வேண்டும், அரசனின் பெயர் வலிமை குறிக்க வேண்டும், வணிகனின் பெயர் செல்வம் குறிக்க வேண்டும், சூத்திரன் பெயர் இழிவு குறிக்க வேண்டும் என்று அங்கே விதித்திருக்கிறது. அடுத்து, பெண்ணின் பெயர் எப்படி இருக்கவேண்டும் என்றும் விதித்திருக்கிறது. கூப்பிட எளிதாக, கடுமை இல்லாததாக, மனத்துக்கு இனியதாக, மங்கலமாக, நெட்டெழுத்தில் முடிவதாக இருக்க வேண்டுமாம்!

என்ன நயமான ஏற்பாடு, பாருங்கள்! உழைப்பவனுக்கு இழிவைக் கொடுத்தார்கள். அவன் ஒருநாள் விழித்துக்கொண்டான், அந்தப் பெயரை வீசி எறிந்தான். பெண்ணுக்கு இழிவைக் கொடுக்கவில்லை, இனிப்பைக் கொடுத்தார்கள். இனிப்பை யார் துப்புவார்கள்? அதனால் அந்த விதி இன்றும் நம் வீட்டிலே, நம் பெரியவர் வாயிலே, அன்பின் பெயரால் உயிரோடு இருக்கிறது. கூப்பிட எளிதாக இருக்கவேண்டும் என்றார்களே, யாருக்கு எளிதாக? கூப்பிடுகிறவனுக்கு! அவளுக்கு அதனால் என்ன பயன் என்று யாரும் கேட்கவில்லை.

மைத்துனருக்குச் சொன்னது: பள்ளியிலே கேலி செய்வார்கள், உண்மைதான். புதிய பெயர் எதுவும் கேலிக்குத் தப்பியதில்லை. வேதாசலம் என்ற பெயரை விட்டு மறைமலை ஆன அடிகள், 1916ஆம் ஆண்டு தனித்தமிழ் இயக்கம் கண்டவர், தம் பிள்ளைகளின் பெயரையும் தமிழாக்கினார். திரிபுரசுந்தரி என்ற மகளை முந்நகரழகி என்றார். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்த புலவர்கள் எத்தனை பேரோ! அந்த வீட்டின் இன்னொரு மகள் நீலாம்பிகை. 'தேகம்' என்ற சொல் இருந்த இடத்தில் 'யாக்கை' என்ற தமிழ்ச் சொல் இருந்தால் எப்படி இருக்கும் என்ற தந்தையின் பேச்சுக்குச் செவி கொடுத்து, தனித்தமிழுக்குத் துணை நின்றபோது அவளுக்கு வயது 13. அந்தச் சிறுமிதான் வளர்ந்து, 1938ஆம் ஆண்டு நவம்பர் 13இல் சென்னையிலே கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்று அழைக்கவேண்டும் எனத் தீர்மானித்த மாநாடு அது. தோழர்களே, இதைக் கவனித்தீர்களா? பெரியார் என்ற பெயரை நாட்டுக்குக் கொடுத்தவர்கள் பெண்கள்!

அந்தப் பெரியாரே 1932இல் சோவியத் நாட்டைப் பார்த்துத் திரும்பிய பிறகு, தொண்டர்கள் கொண்டுவந்து கொடுத்த குழந்தைகளுக்கு ரஷ்யா என்றும் மாஸ்கோ என்றும் பெயர் வைத்தார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். 1953ஆம் ஆண்டு மார்ச் 1இல் கலைஞருக்குப் பிறந்த மகனுக்கு ஸ்டாலின் என்று பெயரிடப்பட்டது. அந்தப் பெயருக்காகப் பள்ளியிலே சேர்க்கத் தயங்கியபோது, பள்ளியை மாற்றினாலும் மாற்றுவேன், பெயரை மாற்றமாட்டேன் என்று தந்தை நின்றதை மகனே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அந்தப் பெயரோடுதான் 2021ஆம் ஆண்டு மே 7இல் அவர் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். பெயர் வழியை அடைக்கவில்லை.

ஷ, ஜ, ஸ்ரீ என்று தேடித் தருவதாகச் சொன்னாயே தம்பி, தேடு, தடையில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு என்ன பொருள், அந்தப் பெயரிலே முன்னே யார் வாழ்ந்தார், என்ன செய்தார் என்று குழந்தை கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். எண்கணிதக்காரர் சொன்னார், ஓர் எழுத்தைக் கூட்டினால் யோகம் என்று வைத்தேன் என்பது விடையாகாது. 'வெண்ணெய்' என்று ஒரு பையன் கேலி செய்தால், நம் மகளுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. வேந்தனைக் கேள்வி கேட்டவளின் ஊர் என் பெயர் என்பாள். கேலி செய்த பையனும் கேட்டுக்கொண்டு நிற்பான்.

இவ்வளவும் நாம் பேசி முடித்தோம். இதுவரை வாய் திறக்காமல் இருந்தவர் ஒருவர் உண்டு. பெற்றவள்! பத்து மாதம் சுமந்தவள்! பெயர் சூட்டும் பேச்சிலே எல்லோருக்கும் வாய் இருந்தது; அவளைத்தான் யாரும் கேட்கவில்லை. அவள் சொன்னாள்:

"பேரு எனக்குப் பிடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ராஜாவையே எதிர்த்துக் கேட்டாங்கன்னு பெருமையாச் சொல்றீங்க. நாளைக்கு நம்ம வெண்ணி உங்களை எதிர்த்துக் கேட்டா, கேட்டுக்குவீங்களா?"

இதுதான் கேள்வி! மற்ற நான்கும் ஊருக்கு அஞ்சிய கேள்விகள். இது நம்மை நோக்கிய கேள்வி. இதற்கு மனுநூலை இழுத்து விடை சொல்ல முடியாது. தொல்காப்பியத்தைக் காட்டித் தப்ப முடியாது. கேட்டுக்கொள்வோம் என்றோம். சொன்னதை இந்த ஏட்டிலும் எழுதி வைக்கிறோம், நாளை நம் மகள் எடுத்துக் காட்டட்டும் என்று.

தோழர்களே, இந்தக் கேள்வி நம் வீட்டோடு நிற்கவில்லை. மகளுக்கு அறிவுச்செல்வி என்று பெயர் வைத்துவிட்டு, 'பத்தாவது போதும், பொட்டைப் புள்ளைக்கு மேலே எதுக்குப் படிப்பு' என்று நிறுத்தியவர்கள் உண்டா, இல்லையா? வீரமங்கை என்று வைத்துவிட்டு, இரவு ஏழு மணிக்கு மேல் வாசலில் நிற்காதே என்பவர்கள் உண்டா, இல்லையா? விடுதலை என்று வைத்துவிட்டு, அவள் மனத்துக்குப் பிடித்தவனின் சாதியைக் கேட்டுக் கதவைச் சாத்தியவர்கள் உண்டா, இல்லையா? புரட்சிப் பெயரை மகளுக்கு வைத்துவிட்டு, புரட்சி எனக்கு எதிராக மட்டும் வரக்கூடாது என்பது என்ன நியாயம்? அழகான பெயர்ப்பலகை மாட்டிய கடையிலே சரக்கு இல்லை என்றால், பலகையைப் பார்த்து எத்தனை நாளைக்கு வருவார்கள்?

பெயர் முதல் உரிமை. அதுவே கடைசி உரிமையாகிவிடக் கூடாது. அதே 1929 செங்கற்பட்டு மாநாட்டிலே, சாதிப் பட்டம் ஒழியவேண்டும் என்ற அதே மேடையிலே, பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக 60 ஆண்டுகள் பிடித்தன. 1989ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலே கலைஞர் ஆட்சியில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் திருத்தப்பட்டது. 2005ஆம் ஆண்டு நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது. சட்டம் வந்துவிட்டது, வீட்டுக்குள் வந்துவிட்டதா? அண்ணன் தம்பிகள் கூடி, கூடப் பிறந்தவளை அழைத்து, விருந்து போட்டு, ஒரு புடவையும் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி அனுப்புகிற காட்சி எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இல்லை? அவள் பெயர் பத்திரத்தில் ஏறுவது தன் பங்கை விட்டுக் கொடுப்பதற்காக மட்டும்தானா?

ஆகவே, தொட்டில் கட்டிக் காத்திருக்கும் தோழர்களுக்குச் சில சொற்கள்.

அவசரப்படாதீர்கள், அதே நேரம் அசட்டையாகவும் இருக்காதீர்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால், பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு, காலம் கடந்ததற்கான கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். ஆனால் ஏறிய பெயரை மாற்றுவது எளிதல்ல. அரசிதழ் வரை போகவேண்டும். ஆகவே மருத்துவமனை வாசலிலே யாரோ கேட்டார், வாயில் வந்ததைச் சொன்னேன் என்று இருந்துவிடாதீர்கள். தமிழில் எப்படி எழுதுவது, ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று முன்னமே முடிவு செய்து, தாளில் எழுதிக் கையிலே கொண்டு போங்கள். எழுத்து ஒன்று பிசகினால், பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று பிள்ளை பிற்காலத்தில் அலைய நேரும்.

பெற்றவளைக் கேளுங்கள், முதலில் கேளுங்கள். பாட்டியின் அச்சத்தைக் கேளுங்கள். கேட்டு விடை சொல்லுங்கள், விரட்டாதீர்கள். பொருள் தெரிந்த பெயரை வையுங்கள். புதிய பெயர்தான் வைக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. பழைய பெயரிலும் பெருமை உண்டு. பிறர் சிரிப்பார்களே என்ற அச்சத்தால் மட்டும் ஒரு பெயரைக் கைவிடாதீர்கள்.

வெண்ணியிலே வாழ்ந்த அந்தப் பெண்ணின் வாக்கு நமக்குக் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. இன்று பிறக்கும் பெண்களுக்கு அந்தக் குறை வரக்கூடாது. அவர்கள் வாக்கும் நிற்கட்டும், பெயரும் நிற்கட்டும்! பிறப்புப் பதிவேட்டில் ஏறிய பெயர் பள்ளிப் பதிவேட்டில் ஏறட்டும். பள்ளியில் ஏறியது கல்லூரியில் ஏறட்டும். ஆலையின் சம்பளப் பட்டியலில் ஏறட்டும். தொழிற்சங்கத்தின் பொறுப்பாளர் பலகையில் ஏறட்டும். தந்தை விட்டுச்செல்லும் கால் காணியானாலும், ஓட்டு வீடானாலும், அந்தப் பத்திரத்தில் பங்குக்குரியவள் என்று ஏறட்டும். பெயரிட்ட நாளிலே இனிப்பு வழங்குகிறோமே, அன்றே இந்த உறுதியையும் எடுத்துக்கொள்வோம்!